பெரட்டுக் கணக்கும் காட்டுக் கணக்கும்



சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தித் தலை எண்ணி, பெயர் பதிந்து, வேலைக்கு அனுப்பும் அவ்வழக்கமே தோட்டத்தின் அன்றாட முதற்கணக்கு. அக்கணக்கில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. எத்தனை பேர் வந்தனர்? யார் யார் வந்தனர்? வராதவர் யார்? மூன்றாம் கேள்விக்கு விடை கூறுவது எளிது. ஏனெனில் கிராணியின் கையில் பெயர்ப்பேரேடு உண்டு.

ஒரு காட்டில் வாழும் உயிர்களை எண்ணப் புகுந்தவர்களுக்கும் இதே மூன்று கேள்விகள் எழுந்தன. ஆனால் காட்டிற்குப் பேரேடு கிடையாது. பேரேடு இல்லாத இடத்தில் வராதவரை எவ்வாறு கணக்கிடுவது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றின் முக்கியமான இரண்டு கட்டங்கள் நம் மலாயா மண்ணோடு தொடர்புடையவை. அவற்றுள் ஒன்று பால்மர ஆராய்ச்சி நிலையத்தோடும், மற்றொன்று நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தோடும் இணைந்தது. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காடு போய்த் தோட்டம் வந்தது

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவ்விதைவழி வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1890-களில் சிங்கப்பூர் தாவரத் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி மரத்தைப் பாழாக்காமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் நடவைத் தொடங்கினார். அதன்பின் மேற்குக் கரையோரக் காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்பட்டுப் பால்மர நிரைகள் எழுந்தன. அந்நிரைகளை நட்டு, களை எடுத்து, பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் நம் முன்னோர்களே.

பிரேசிலிலிருந்து மரம் வந்தது. தமிழகத்திலிருந்து ஆள் வந்தான். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செம்பனையும் வந்தது. முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. 1960-களுக்குப் பிறகு பல பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. தூரத்திலிருந்து நோக்கினால் காடும் பச்சை, தோட்டமும் பச்சை. எனினும் ஒன்றில் ஓர் ஏக்கரிலேயே பற்பல வகை மரங்கள். மற்றொன்றில் ஆயிரம் ஏக்கரிலும் ஒரே வகை மரம்.

ஒரே வகையை நெருக்கமாக நடுவதில் உள்ள ஆபத்து பிரேசிலிலேயே வெளிப்பட்டது. அமேசான் காட்டில் பால்மரங்கள் பிற மரங்களுக்கு இடையே தொலைதொலைவில் சிதறி நிற்பவை. இலைக்கருகல் நோய் ஒரு மரத்தைப் பற்றினாலும் அடுத்த மரத்தை எளிதில் எட்டாது. ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசானில் ஃபோர்ட்லாந்தியா என்னும் பெருந்தோட்டத்தை உருவாக்கி, பால்மரங்களை நிரைநிரையாக நடச் செய்தார். நோய் மரத்திற்கு மரம் தாவியது. 1945-இல் அம்முயற்சி முற்றிலும் கைவிடப்பட்டது. அந்நோய் ஆசியாவிற்குள் பரவாததால்தான் நம் தோட்டங்கள் நிலைத்தன. பன்மயம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. அது காப்பும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தோட்டப்புறத்தார்க்கு வேண்டியதில்லை.

பால்மர ஆராய்ச்சியாளரின் பட்டாம்பூச்சிகள்

பால்மரப் பயிரின் நலன் கருதி 1925-இல் மலாயா இரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு மண்ணின் தன்மையையும் மண்வாழ் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட் (1896–1948). தொழில் மண் ஆராய்ச்சி, நாட்டமோ பட்டாம்பூச்சி. ஒரே மரத்தை வளர்ப்பதற்கென அமைந்த நிலையத்தில் பணியாற்றியவர், இந்நாட்டின் எண்ணற்ற வகைப் பட்டாம்பூச்சிகளைத் தேடித் தொகுத்தார். கோலாலம்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெண்டில்பரியுடன் இணைந்து 1934-இல் மலாய்த் தீபகற்பத்தின் பட்டாம்பூச்சிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டு இன்றளவும் துறையினரால் போற்றப்படுகிறது.

இங்கிலாந்து திரும்பியபின் கார்பெட் தம் சேகரிப்பை ஒரு பட்டியலாக்கினார். மொத்தம் 620 இனங்கள். அவற்றுள் ஒரே ஒரு பூச்சி மட்டும் அகப்பட்ட இனங்கள் 118. இரண்டு பூச்சிகள் அகப்பட்டவை 74 இனங்கள். மூன்று அகப்பட்டவை 44. நான்கு அகப்பட்டவை 24. இவ்வாறே பட்டியல் நீள்கிறது.

ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இனங்கள் ஒரே ஒருமுறைதான் கண்ணில் பட்டுள்ளன! சேகரிப்பை ஒரு நாள் முன்னதாக முடித்திருந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பட்டியலில் இடம்பெறாமலே போயிருக்கலாம். அவ்வாறாயின், இடம்பெறாமலே போனவை எத்தனை?

இக்கேள்வி, புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷரிடம் சென்றது. அதே வேளையில், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணிவந்தார். நான்கு ஆண்டுகளில் அவருக்கு 15,609 பூச்சிகள் கிடைத்தன, இனங்களோ 240. ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் 1943-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். பூச்சிகளின் எண்ணிக்கைக்கும் இனங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை ஒரே சூத்திரத்தில் அது விளக்கியது. பிடித்த பூச்சிகளின் தொகை கூடினாலும் குறைந்தாலும் பெரிதும் மாறாத ஓர் எண்ணால் பன்மயத்தை அளக்கலாம் என்று ஃபிஷர் காட்டினார். ‘ஃபிஷரின் ஆல்ஃபா’ என்று இன்றும் வழங்கும் அவ்வளவை பிறப்பதற்கு மலாயாவின் பட்டாம்பூச்சிகளும் ஒரு காரணம்.

காணாததைக் கணக்கிடுதல்

1956-இல் ஐ. ஜே. குட், டௌல்மின் ஆகிய இருவரும் அப்பட்டியலைக் கொண்டு மேலும் ஒரு கேள்வியை ஆராயும் வழியைத் தந்தனர். கார்பெட் அதே அளவு காலம் மீண்டும் மலாயாவில் சேகரித்திருந்தால், புதிதாக எத்தனை இனங்கள் கிடைத்திருக்கும்?

அவர்கள் தந்த வழியை ஆறாம் ஆண்டு மாணவரும் செய்து பார்க்கலாம். பட்டியலின் எண்களை வரிசையாக எழுதி, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே செல்ல வேண்டும். 118-இலிருந்து 74-ஐக் கழித்து, 44-ஐக் கூட்டி, 24-ஐக் கழித்து, இவ்வாறே இருபத்து நான்கு முறை அகப்பட்ட இனங்கள் வரை சென்றால் முடிவில் 75 என்னும் விடை கிடைக்கிறது. அதாவது, இன்னும் சுமார் 75 புதிய இனங்களை அவர் கண்டிருப்பார்.

இதைவிட எளிய மற்றொரு வழியைத் தைவான் நாட்டுப் பேராசிரியை ஆன் சாவ் 1984-இல் வகுத்தார். ஒருமுறை மட்டும் அகப்பட்ட இனங்களின் எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். இருமுறை அகப்பட்ட இனங்களின் எண்ணை இரட்டித்து, அதனால் வகுக்க வேண்டும். கார்பெட்டின் பட்டியலில் 118 × 118 = 13,924. அதை 148-ஆல் வகுத்தால் 94. எனவே குறைந்தது 94 இனங்கள் காணப்படாமல் உள்ளன. மொத்தம் 714-க்குக் குறையாது. ‘குறைந்தது’ என்னும் சொல் இங்கு முக்கியமானது. மலாய்த் தீபகற்பத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உள்ளன என்பது இன்று நாம் அறிந்ததே.

இவ்விரு வழிகளுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே. அடிக்கடி காணப்படுபவை, காணப்படாதவற்றைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. அரிதாக ஒருமுறை காணப்படுபவையே நாம் அறியாதவற்றின் அளவைச் சொல்கின்றன. ஒருமுறை அகப்பட்டவை மிகுதியாயின், பட்டியல் இன்னும் முடியவில்லை என்று பொருள். எல்லாமே பலமுறை அகப்பட்டுவிட்டால், ஏறக்குறைய அனைத்தையும் கண்டுவிட்டோம் என்று கொள்ளலாம். பேரேடு இல்லாத பெரட்டில் வராதவரைக் கணக்கிடும் வழி இதுவே.

வகை எண்ணிக்கை மட்டும் போதுமா?

இனங்களின் எண்ணிக்கை வேறு, பன்மயம் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்களுக்கு உணர்த்த ஓர் எடுத்துக்காட்டு போதும். இரண்டு தோட்டங்களில் நூறு நூறு மரங்கள் உள்ளன. இரண்டிலும் நான்கு வகைகள். முதல் தோட்டத்தில் 97 செம்பனைகளும், மா, பலா, ரம்புத்தான் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் உள்ளன. இரண்டாம் தோட்டத்தில் நான்கு வகையிலும் 25 மரங்கள் உள்ளன. வகைக் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் முதல் தோட்டத்தில் நடப்பவர் செம்பனையைத் தவிர வேறொன்றையும் காண்பது அரிது.

இதனை அளக்க எட்வர்ட் சிம்ப்சன் 1949-இல் ஒரு வழி கூறினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரத்தைத் தொடுங்கள். மீண்டும் அவ்வாறே ஒன்றைத் தொடுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? முதல் தோட்டத்தில் நூற்றுக்கு 94; இரண்டாவதில் நூற்றுக்கு 25. ஒன்றை இவ்வாய்ப்பால் வகுத்தால், முதல் தோட்டத்தில் 1.06 என்றும் இரண்டாம் தோட்டத்தில் 4 என்றும் விடை வரும். பெயரளவில் நான்கு வகை கொண்ட முதல் தோட்டம், நடைமுறையில் ஒரு வகை கொண்ட தோட்டமே என்பதை எண் தானாகவே சொல்லிவிடுகிறது.

சிம்ப்சனும் மேலே குறிப்பிட்ட ஐ. ஜே. குட்டும் இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் எதிரிகளின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்கள். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிய அனுபவமே எந்த இனம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவும் கைகொடுத்தது. ஃபிஷரின் மாணவரும் இந்தியப் புள்ளியியல் மேதையுமான சி. ஆர். ராவ் (1920–2023) 1982-இல் இதை மேலும் ஒரு படி உயர்த்தினார். ரம்புத்தானும் புலாசானும் நெருங்கிய உறவுடையவை. ரம்புத்தானும் பெரணிச்செடியும் மிகத் தொலைவானவை. ஆகவே எத்தனை வகை என்பதோடு அவ்வகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

பாசோ: நம் மாநிலத்தின் பெரும் பேரேடு

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ வனக் காப்பகம் உள்ளது. 1970-களில் அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் இங்கு ஆய்வு நடத்தினர். அதனினும் பெரிய முயற்சி 1985-இல் தொடங்கியது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் அமெரிக்க அறிஞர்களுடன் இணைந்து, 50 ஹெக்டர் காட்டை, அதாவது ஏறத்தாழ 124 ஏக்கரை, மரம் மரமாக எண்ணத் துணிந்தது.

ஆயிரம் மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட அந்நிலம் இருபது மீட்டர்ச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 1,250 சதுரங்கள். நெஞ்சுயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம், அதாவது ஒரு பென்சிலைவிடச் சற்றே பருமன், உள்ள ஒவ்வொரு கன்றும் மரமும் அளக்கப்பட்டு, எண் தாங்கிய தகடு பொருத்தப்பட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட்டது. முதல் கணக்கெடுப்பிற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. சுமார் 335,000 மரங்கள். 800-க்கும் மேற்பட்ட இனங்கள்! கே. எம். கொச்சும்மன், லாஃபிராங்கி, என். மனோகரன் ஆகியோர் அத்தாவர விவரங்களை 1990-இல் வெளியிட்டனர்.

எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது ரம்புத்தான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுமரம். முதலிடம் என்றாலும் மொத்த மரங்களில் நூற்றுக்கு மூன்று பங்கைக்கூட அது எட்டவில்லை. பல இனங்கள் 124 ஏக்கரிலும் ஒரு சில மரங்களாகவே நின்றன. கார்பெட்டின் பட்டியலில் கண்ட அதே பாடம் இங்கும் கிடைக்கிறது. மிகுதியாக உள்ளவை சில, அரியவை பல. காட்டின் செல்வம் பெரும்பாலும் அவ்வரியவற்றில்தான் உள்ளது. பத்து ஏக்கரைக் காப்பாற்றிவிட்டுக் காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று கூற இயலாமைக்குக் காரணமும் அதுவே.

பாசோவிற்கு முன்னோடி, பனாமாவின் பரோ கொலராடோ தீவு. அங்கு 1980-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் இதே அளவு நிலத்தில் சுமார் 300 மர இனங்களைக் கணக்கிட்டனர். தமிழகத்தின் நீலகிரி மாவட்டத்தில் உள்ள முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 1988-இல் அதே 50 ஹெக்டரை அளந்தனர். அங்கு இனங்கள் ஏறத்தாழ 70. மரங்கள் சுமார் 25,000. இலங்கையின் சிங்கராஜா வனத்தில் 25 ஹெக்டரில் 200-ஐ ஒட்டிய இனங்கள் உள்ளன.

இவ்வெண்களை மாணவர்க்குக் கூறும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சிங்கராஜாவில் அளந்த நிலம் பாதிதான். நிலம் கூடினால் இனங்களும் கூடும். ஆகவே அளவு ஒத்திருந்தால் மட்டுமே நேருக்கு நேர் ஒப்பிடலாம். இரண்டாவது, இது தேர்வு மதிப்பெண் அன்று. முதுமலையில் நீண்ட வறட்சியும் காட்டுத்தீயும் உண்டு. யானைகள் மரங்களை ஒடித்துத் தின்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் எழுபது இனங்களைப் பாசோவின் எண்ணூறால் ஈடுசெய்ய முடியாது. பாசோவில் இல்லாத மரம் அங்கே உண்டு என்பதே அதன் மதிப்பு.

தோட்டத்தின் நிழல் காட்டின் மீது

பாசோ காப்பகத்தைச் சுற்றி மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. இதன் விளைவு ஒன்றை 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. காட்டுப்பன்றிகள் ஆண்டு முழுவதும் தோட்டத்துச் செம்பனைப் பழங்களைத் தின்று பெருகுகின்றன. குட்டி ஈனும் காலத்தில் தாய்ப்பன்றி காட்டிற்குள் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் கூடு அமைக்கிறது. கிழங்கும் புழுவும் தேடி மண்ணையும் கிளறிவிடுகிறது. வேலியிட்டுத் தடுத்த இடங்களில் கன்றுகள் செழித்தன. திறந்த இடங்களில் குறைந்தன. காட்டில் ஒரு மரத்தையும் யாரும் வெட்டவில்லை. ஆயினும் தோட்டத்து விளைச்சல் காட்டின் அடுத்த தலைமுறையைக் குறைக்கிறது. கன்றுகளையும் சேர்த்து எண்ணிய பேரேடு இருந்திராவிட்டால் இவ்விழப்பு எவர் கண்ணிலும் எளிதில் பட்டிருக்காது.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

பாசோ ஆய்வுக்குரிய இடமாகையால் விரும்பியபோது நுழைய இயலாது. ஆயினும் பள்ளித் திடலே போதும். ஒரு மீட்டர்ச் சதுரமாகக் கயிற்றைக் கட்டி, திடலின் ஓரத்தில் பத்து இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். தொட்டாற்சுருங்கி, கீழாநெல்லி, குப்பைமேனி, லாலாங் புல் என்று ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள வகைகளைக் குறிக்கட்டும். பெயர் தெரியாத செடிக்குப் பிள்ளைகளே ஓர் அடையாளப் பெயர் சூட்டலாம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து உண்மைப் பெயரைப் பின்னர் நிரப்பட்டும். களை எடுத்தே வாழ்ந்த அம்மூத்தோர் அறிந்த செடிப்பெயர்கள் பல எந்தப் பாடநூலிலும் இல்லை.

முதல் சதுரத்தில் எல்லாமே புதியவை. போகப் போகப் புதியவை குறையும். அதனை வரைபடமாக வரையச் செய்தால், ஏறி ஏறிப் பின் சாயும் கோடு கிடைக்கும். பத்துச் சதுரங்களிலும் ஒரே ஒரு செடியாக மட்டும் காணப்பட்ட வகைகள் 6, இரண்டு செடிகளாகக் காணப்பட்டவை 3 என்று வைத்துக்கொள்வோம். 6 × 6 = 36; அதை 6-ஆல் வகுத்தால் 6. ஆகவே கண்ணில் படாத வகைகள் குறைந்தது ஆறேனும் உண்டு. திடலில் மீண்டும் தேடச் சொல்லுங்கள். கணக்கு மெய்யாகும்போது பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பைக் காண்பீர்கள். பெற்றோர்கள் விடுமுறை நாளில் செம்பனை நிரைக்குள் ஒருமுறையும், ஆற்றோரத்தில் ஒருமுறையும் இதைப் பிள்ளைகளுடன் செய்து ஒப்பிடலாம்.

நிறைவாக

சுங்கை காடுட் வட்டாரத்தில் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களங்கள் மறைந்தன, பேரேடுகளும் மறைந்தன. அக்களங்களில் நின்றவர்கள் அறிந்திருந்த செடி, கொடி, பறவை, பூச்சிகளின் பெயர்களும் அவர்களோடு மறைந்து வருகின்றன. ஒருமுறை மட்டும் அகப்பட்ட 118 பட்டாம்பூச்சி இனங்களைக் கார்பெட் ‘ஒன்றுதானே’ என்று ஒதுக்கியிருந்தால், அக்கணக்கே பிறந்திராது. அரிதாக ஒருமுறை காண்பதையும் பெயரிட்டுப் பதிந்துவைக்கும் பழக்கத்தை நம் மாணவர்களிடம் வளர்ப்போம். இவ்வட்டாரத்தின் உயிர்ப்பேரேட்டை எழுதத் தொடங்குபவர்கள் அவர்களாகவே இருக்கட்டும்.